கிணற்றில் அக்காவுக்கு அவகாசம்

நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் புதிதாகக் கறுப்புக் கோட்டு மாட்டியிருக்கும் பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கொலைக்கேஸ் ஒன்று இருந்தால் நல்லது, ஆர்வமாகப் படிப்பார்கள் என்று ஒருவர் யோசனையும் சொன்னார். என்னிடம் கொலை எதுவும் கிடையாது. முப்பத்தைந்து வருடமாக நான் பார்த்ததெல்லாம் வீடும், வீட்டைச் சுற்றிய பறம்பு என்கிற நிலமும்தான். வீட்டை விற்கிறவர்கள், வாங்குகிறவர்கள், விற்றுவிட்டு அழுகிறவர்கள், வாங்கிவிட்டு அழுகிறவர்கள். இவர்களுக்கு நடுவில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. போன வருடம் மேசையை விட்டு எழுந்தபோது முதுகு மட்டும்தான் வலித்தது.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தமிழில்தான் மனம்விட்டு எழுத வரும். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆனால் சுருக்கிச் சொல்லாதீர்கள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

நான் நாகர்கோவில்காரி. கல்யாணமாகி, கேரள எல்லைக்குள் இருக்கும் குன்னத்துகாலுக்கு வந்தேன். இங்கே ஒரு வாக்கியம் தமிழில் புறப்பட்டு மலையாளத்தில் போய் இறங்கும், பேசுகிறவருக்கே அது தெரியாது. முதல் வருடம் தலை சுற்றியது. ஆதாரம் என்றால் சாட்சியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இங்கே கிரயப் பத்திரத்துக்குத்தான் அந்தப் பெயர். புகுந்த வீட்டில் என்னைக் கிண்டல் செய்து செய்தே மலையாளம் கற்றுக்கொடுத்தார்கள். ஐந்தாறு வருடத்தில் மலையாளத்தில் வாதாடினேன், மலையாளத்தில் ஆதாரம் எழுதினேன், மலையாளத்தில் சண்டையும் போட்டேன். இரண்டு பாஷையும் கைக்குள் வந்துவிட்டது என்ற திமிர் வந்தது அதற்குப் பிறகுதான். ஒரு பாஷை மட்டும் தெரிந்தவள் என்றால் சந்தேகம் வரும்போது கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாள். எனக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை.

என் சீனியருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆதாரத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாகப் படிப்பார். நாற்பது நிமிடம் ஆகும். ஒரு தடவை கட்சிக்காரர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். சீனியர் அவரை எழுப்பி, தூக்கம் வந்த இடம் எது என்று விசாரித்து, அங்கிருந்து மறுபடி படித்தார். வெளியே நின்று சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்துப்போனது. தனியாக ஆபீஸ் போட்டதும் நான் செய்த முதல் சீர்திருத்தம் அந்த நாற்பது நிமிடத்தை ஐந்து நிமிடமாக்கியது. சாரத்தை நான் சொல்லிவிடுவேன், அவர்கள் தலையாட்டுவார்கள், கையெழுத்துப் போடுவார்கள். பெயரும் வந்தது. அந்த வக்கீலம்மாவிடம் போனால் காரியம் சட்டென்று முடியும் என்றார்கள்.

அப்படிப் பேர் கேட்டு வந்தவர்தான் ஸ்டெல்லா. காரோடு என்ற ஊர்க்காரி, கடற்கரைப் பக்கம். கணவர் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், சிறுநீரகம் கெட்டு இப்போது வாரத்தில் மூன்று நாள் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டியிருந்தது. இரண்டு பஸ் மாறவேண்டும். போகும்போது எப்படியோ போய்விடுகிறார், திரும்பி வரும்போது கம்பியைப் பிடித்து நிற்கக்கூடப் பெலமில்லை என்றார். ஆஸ்பத்திரிக்கு நடக்கும் தூரத்தில் ஒரு சின்ன வீடு அமைந்திருந்தது. அதை வாங்க வேண்டுமானால் காரோட்டு வீட்டை விற்கவேண்டும். வாங்குகிறவர் பாறசாலைக்காரர், விஜயன் என்று பெயர். வளைகுடாவில் வேலை, மனைவி காரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். இரண்டு பக்கமும் நல்ல மனிதர்கள், காகிதத்திலும் சிக்கல் இல்லை. இந்த மாதிரி கேஸ்தான் நம்மைக் கவிழ்க்கும்.

ஸ்டெல்லாவின் அக்கா திரேசம்மாவுக்கு அடுத்த பறம்பில் வீடு. கல்யாணம் செய்துகொள்ளாதவர், தனியாக இருந்தார். அப்பன் பாகம் பிரித்தபோது கிணறு ஸ்டெல்லாவின் பங்கில் வந்துவிட்டது. அந்த வட்டாரத்தில் உப்பில்லாத தண்ணீர் அந்தக் கிணற்றில் மட்டும்தான். திரேசம்மா தன் பறம்பில் இரண்டு இடத்தில் தோண்டிப் பார்த்தாராம், இரண்டிலும் வாயில் வைக்க முடியாத தண்ணீர். நாற்பது வருடமாகத் தங்கையின் கிணற்றில்தான் கோரிக்கொண்டிருந்தார். இந்த ஊரில் தண்ணீரை வெள்ளம் என்பார்கள், இறைப்பதைக் கோருவது என்பார்கள். நாம் மனுவில் கோருவதை விட அது நிச்சயமாகக் கைக்கு வரும்.

எல்லாம் பேசி முடித்து எழுந்து போகும்போது ஸ்டெல்லா வாசலில் நின்று சொன்னார்:

“வக்கீலம்மா, கெணத்துல அக்கச்சிக்கு அவகாசம் வேணும். அத மறக்காம எழுதணும், கேட்டியளா.”

கேட்டேன். இதோ இப்போதும் காதில் இருக்கிறது. தமிழில் அவகாசம் என்றால் கொஞ்ச நாள் பொறுப்பது, தவணை. மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. தவணை என்று மலையாளத்தில் சொல்லவேண்டுமானால் முன்னால் ஒரு ‘சா’ போட்டுச் சாவகாசம் என்பார்கள். கோர்ட்டில் தினமும் பத்துத் தடவை இரண்டு சொல்லையும் சொல்கிறவள் நான். யாராவது என்னை நிறுத்திக் கேட்டிருந்தால் தூக்கத்திலும் சரியாகச் சொல்லியிருப்பேன். ஆனால் ஸ்டெல்லா பேசிக்கொண்டிருந்தது தமிழ். அதனால் அந்தச் சொல்லையும் தமிழாகவே எடுத்துக்கொண்டேன். அதற்குத் தோதாக அந்த நேரம் பார்த்துப் பஞ்சாயத்துக் குழாய்க்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். குழாய் வரும்வரை அக்காவுக்குத் தவணை கேட்கிறார் என்று நானே முடிவுகட்டிவிட்டேன்.

விஜயனுக்கு அன்றைக்கே போன் செய்தேன். அடுத்த வீட்டு அம்மாவுக்கு ஒரு வருடம் கிணற்றில் தண்ணீர் எடுக்கச் சாவகாசம் கொடுக்கமுடியுமா என்றேன். ஒரு வருடம்தானே, தாராளமாக என்றார். கட்சிக்காரருக்கு ஒரு நல்ல காரியம் சாதித்துக் கொடுத்த திருப்தியோடு அன்று சாப்பிட்டேன். ஒரு வருடம் என்பது ஸ்டெல்லா சொன்ன கணக்கல்ல, நானாகப் போட்டது. அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

பதிவுக்கு முந்தைய நாள் ஸ்டெல்லா வந்தார். என் ஐந்து நிமிடச் சுருக்கத்தைச் சொன்னேன். விஸ்தீரணம், எல்லை, வரி ரசீது, பிறகு, கிணற்று அவகாசம் எழுதியாச்சு என்றேன். அவர் முகம் மலர்ந்து, அது மதி வக்கீலம்மா, அது போதும் எனக்கு என்றார். அவர் தன் சொல்லைக் கேட்டார், நான் என் சொல்லைச் சொன்னேன். இரண்டும் ஒரே சத்தமாக இருந்தால் யாருக்கு என்ன தெரியும்.

மறுநாள் காலை பதிவு ஆபீஸில் கூட்டம். ஸ்டெல்லாவின் விற்பனை காலையில், காரக்கோணத்து வீடு மதியம். அந்த வீட்டுக்காரர் இன்றைக்கு இல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கறாராகச் சொல்லியிருந்தார். விஜயனுக்கு மறுநாள் மத்தியானம் விமானம், திரும்பி வர இரண்டு வருடம். ஸ்டெல்லா கணவரின் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் இருந்த துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அதை ஏன் கொண்டுவந்தார் என்று தெரியவில்லை, கையைவிட்டு இறக்கிவைத்துப் பழக்கமில்லை போலிருக்கிறது.

சாட்சிக் கையெழுத்துக்கு, இந்த ஊர்ப் பேச்சில் ஒப்பு போட, திரேசம்மா வந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சேலை, மூக்குக் கண்ணாடி. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசகம் படிப்பவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. என் குமாஸ்தா ஒரு நீலப் பேனாவைக் கையில் கொடுத்து இடத்தைக் காட்டினார். சாட்சி என்றால் நம் ஊரில் காட்டிய இடத்தில் போடுகிறவர். இவரோ ஆதாரத்தைத் தன் பக்கம் திருப்பி, முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். குமாஸ்தா என்னைப் பார்த்தார், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். எங்கள் டோக்கனுக்கு இன்னும் மூன்று பேர்தான். அம்மா, சாட்சிக்கு இதெல்லாம் படிக்கவேண்டாம் என்றுகூடச் சொன்னேன். அவர் நிமிரவில்லை. மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. வெகுநேரம் அங்கேயே இருந்தது.

பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கடைசிப் பக்கத்துக்குப் போய், பெயரின் முதல் எழுத்தை எழுதினார். எழுதிவிட்டு என் பக்கம் சாய்ந்து, வராந்தாவில் இருக்கும் தங்கைக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

“ஒரு வருஷம் கழிஞ்சா நான் வெள்ளத்துக்கு எங்க போவேன், வக்கீலம்மா? சும்மா கேட்டேன். ஒப்பு போட்டுத் தாறேன்.”

அந்த நேரத்திலும் என் வாயிலிருந்து வந்தது என் பக்கத்து நியாயம்தான். உங்கள் தங்கை கேட்டபடிதானே எழுதியிருக்கிறது, அவகாசம் வேண்டும் என்று அவள்தான் சொன்னாள் என்றேன்.

“அவகாசம் கேட்டவ ஒரு வருஷம்னு எதுக்குச் சொல்லணும்? அவகாசம்னா எப்பளும் உள்ளதாக்கும்.”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, தனக்குத்தானே கேட்டுக்கொள்வதுபோலச் சொன்னார். பேனாவை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். ‘சா’ என்ற ஓர் எழுத்தை வைத்து ஒரு மனுஷியின் குடிதண்ணீரை எழுதித் தள்ளியிருக்கிறேன்.

இந்த இடத்தில் நான் உடனே நிமிர்ந்து நின்றேன் என்று எழுதினால் அது பொய். முதலில் வந்த பயம் திரேசம்மாவைப் பற்றியது அல்ல, என் பெயரைப் பற்றியது. குமாஸ்தா அனுபவசாலி, என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். காதோடு ஒரு வழி சொன்னார்: இப்போது பதியட்டும், பிறகு பிழைதிருத்தாதாரம் ஒன்று போட்டுக்கொள்ளலாம், யாருக்கும் தெரியவேண்டாம். கேட்க இனிப்பாக இருந்தது. ஆனால் அந்தத் திருத்தத்தில் விஜயனும் கையெழுத்துப் போடவேண்டும். நாளை மத்தியானம் அவர் ஆகாயத்தில் இருப்பார். இரண்டு வருடம் கழித்து வரும்போது, அவர் எல்லையில் கட்டப்போவதாகச் சொல்லியிருந்த மதில் எழும்பியிருக்கும், மனமும் மாறியிருக்கும். நான் மூடி மறைத்தால் விலை கொடுப்பது நான் இல்லை, இரண்டு குடத்தோடு நிற்கப்போகும் இந்த அம்மாள்.

சரி, சொல்லிவிடலாம் என்றால் யாரிடம் முதலில்? கால் தானாக விஜயன் பக்கம் திரும்பியது. அவரிடம் நைச்சியமாகப் பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டால் ஸ்டெல்லாவுக்கு என் தப்பே தெரியாமல் போய்விடும் அல்லவா. இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றேன். நான் ஸ்டெல்லாவின் வக்கீல். வீடு அவருடையது, அக்கா அவருடையவர், காரக்கோணத்து வீடு கைவிட்டுப் போனால் நஷ்டமும் அவருக்குத்தான். அவரிடம் கேட்காமல் பேரம் பேசினால் அது இரண்டாவது தப்பு. இதை மட்டும் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே. தப்பு செய்ததும் நமக்கு எதிர்த்தரப்பைச் சரிக்கட்டத் தோன்றும். நம் கட்சிக்காரரிடம்தான் முதலில் போகவேண்டும்.

டோக்கனைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு வராந்தாவில் ஸ்டெல்லாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னேன். ஒரு வருடம் என்பது நானாக எழுதியது, தப்பு என்னுடையது என்றேன். உரிமை என்று மாற்றிக் கேட்டால் விஜயன் வேண்டாம் என்று போய்விடக்கூடும், அப்படிப் போனால் மதியத்து வீடும் போகும், அதையும் சொன்னேன். அவர் துணிப்பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸையும் கம்பியைப் பிடிக்க முடியாத கணவரையும் நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. என்னை ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

“அக்கச்சிக்க வெள்ளம் போவுமானா எனக்கு இந்த விலையாதாரம் வேண்டாம்” என்றார். “வீடு பின்னயும் கிட்டும். நீங்க போய்க் கேளுங்க.”

விஜயனுக்குக் கோபம் வந்தது, வராமல் இருக்குமா. ஒரு வருடம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் மேடம் என்றார். நான்தான், தப்பும் என்னுடையதுதான், அந்த அம்மாள் ஒருநாளும் ஒரு வருடம் என்று சொல்லவில்லை என்றேன். சட்டம் எதுவும் பேசவில்லை. பேசினால் பேசலாம், திரேசம்மாவின் நாற்பது வருட அனுபவ பாத்தியம் அது இது என்று. அவசரத்தில் நிற்கிற மனிதரிடம் சட்டம் பேசினால் அவர் காது மூடிக்கொள்ளும். அவருக்கு என்ன கஷ்டம் என்று மட்டும் கேட்டேன். தான் ஊரில் இல்லாதபோது மனைவி தனியாக இருப்பார், முற்றத்தில் நேரங்காலம் இல்லாமல் ஆள் வந்துபோவது சரிப்படாது, அதற்காகத்தான் மதில் கட்டுவதே என்றார். நியாயம்தான். மனைவிக்குப் போன் செய்ய வெளியே போனார்.

பதினைந்து நிமிடம் இருக்கும். எனக்கு அது நீண்டுகொண்டே போனது. ஸ்டெல்லா ஜெபமாலையை எடுத்துவிட்டார். திரேசம்மா மட்டும் எதிரே சுவரில் ஒட்டியிருந்த கட்டண அறிவிப்பை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டிருந்தார்.

விஜயன் திரும்பி வந்து டோக்கன் சீட்டின் பின்பக்கத்தைக் காட்டினார். ஒரு வட்டம் போட்டு, அதன் நடுவே ஒரு கோடு கிழித்திருந்தார்.

“மதில் கெணத்துக்குக் குறுக்க வரும். பாதி வாய் அவியளுக்கு, பாதி எனக்கு. எனக்க முற்றத்துல ஆளு வரப்படாது, அவ்வளவுதான். டீச்சருக்கும் சம்மதம் உண்டு.”

கிணறு எல்லையை ஒட்டி ஒன்றரை அடி உள்ளே இருந்தது. அந்த இடத்தில் மட்டும் மதிலைத் தன் பக்கம் வளைத்துக் கட்டிக்கொள்கிறேன் என்றும் அவரே சொன்னார். நான் எத்தனையோ சமரசம் எழுதியிருக்கிறேன். டோக்கன் சீட்டில் வரைந்த அந்த வட்டத்தைவிட நல்ல சமரசம் ஒன்று எழுதியதாக ஞாபகமில்லை. திரேசம்மாவிடம் கேட்டோம். அவர் அந்தச் சீட்டையும் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னார்.

மூன்றாம் பக்கத்தில் ‘ஒரு வருடம்’ என்பதை வெட்டினேன். சாவகாசத்தின் ‘சா’வை வெட்டி மேலே ‘அ’ போட்டேன். கிணற்றின் பாதியையும், திரேசம்மாவுக்கும் அவருக்குப் பிறகு அந்தப் பறம்பில் இருப்பவர்களுக்கும் அது நிலைக்கும் என்பதையும் சேர்த்து எழுதினேன். கடைசியில் வெட்டும் திருத்தும் இத்தனை என்று குறிப்புப் போட்டு, என் பேனாவை வாங்கி எல்லோரும் கையெழுத்திட்டார்கள். அதற்குமுன் முழு ஆதாரத்தையும் அந்தக் கூட்டத்தின் நடுவில் சத்தமாகப் படித்தேன். படித்து முடித்து, கிணற்றைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது, நீங்கள் சொல்லுங்கள் என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன். அவர் தன் வார்த்தையில் சொன்னார். சரியாக இருந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் என்னைத் திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன்.

மதியத்து வீடும் பதிவானது. படி இறங்கும்போதுதான் ஸ்டெல்லாவுக்கு ஒரு விஷயம் உறைத்திருக்கிறது. திடீரென்று நின்று அக்காவின் கையைப் பிடித்தார். நான் ஒரு படி பின்னால் வந்துகொண்டிருந்தேன்.

“எக்கா, நீ ஒப்பு போட எழுதித் தொடங்கிட்டியே. ஒனக்க வெள்ளத்த நான் வித்துப்போட்டேன்னா நெனச்ச?”

“நெனச்சேன்.”

“நெனச்சிட்டும் போட்டியா?”

“ஒனக்க மாப்பிளைக்க காரியம் நடக்கண்டாமா?” என்றார் திரேசம்மா. “நட, பஸ்ஸு போவும்.”

ஸ்டெல்லா அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அழாமல் நின்றவர் ஒருவர்தான், அவர் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து நானும் நாற்பது நிமிடம் படித்தேன். என் ஜூனியர்கள் வெளியே நின்று சிரித்தார்கள், அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானதுதான். கட்சிக்காரர் சொன்ன சொல்லையே திருப்பிச் சொல்லி ஆமாம் போட வைப்பதில்லை என்று ஒரு வழக்கமும் வைத்துக்கொண்டேன். வேறு சொல்லில் கேட்பேன், எப்போது வரை, யாருக்கு, எதற்கு என்று கேட்பேன், கடைசியில் அவர்களையே சொல்லவைத்துக் கேட்பேன். காரியம் சட்டென்று முடியும் என்ற பெயர் போய்விட்டது. அது போனதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் காரோட்டுப் பக்கம் போனேன். மதில் நேராக வந்து, கிணற்றடியில் கொஞ்சம் வளைந்து, கிணற்றின் வாயைச் சரிபாதியாகத் தாண்டிப் போகிறது. இந்தப் பக்கம் ஒரு கப்பி, அந்தப் பக்கம் ஒரு கப்பி. திரேசம்மாவுக்கு வயதாகிவிட்டதால் மதிலுக்கு மேலாக டீச்சர்தான் குடத்தை நிரப்பிக் கொடுக்கிறாராம். ஸ்டெல்லா கணவரோடு காரக்கோணத்திலிருந்து எல்லாப் பெருநாளுக்கும் வந்துவிடுகிறார். விஜயன் விடுமுறையில் வந்திருந்தார். கேட்டதும் அலமாரியிலிருந்து அசல் ஆதாரத்தை எடுத்து வந்து காட்டினார்.

மூன்றாம் பக்கத்தில் என் வெட்டும் திருத்தும் அப்படியே இருந்தன. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். சாட்சி இடத்தில் திரேசம்மாவின் கையெழுத்து இரண்டு மையில் இருக்கிறது. முதல் எழுத்து குமாஸ்தாவின் நீலப் பேனா, மீதி என் கறுப்புப் பேனா. கறுப்பு, எல்லாம் சரியான பிறகு போட்டது. நீலம், தங்கை தன் தண்ணீரை விற்றுவிட்டாள் என்று நம்பிக்கொண்டே போட்டது.